சிக்கிமுக்கி இல்லாத ஊரில் கற்கோடரி

கல்லில் கருவி செய்யக் கற்றுத்தரும் கையேடு எதைப் பிரித்தாலும் முதல் பாடம் சிக்கிமுக்கிக் கல்லிலோ எரிமலைக் கண்ணாடியிலோதான் தொடங்கும். இங்கிலாந்தின் சுண்ணப்பாறை நிலத்திலும் மெக்சிகோவின் எரிமலைச் சரிவிலும் அவை காலடியில் கிடப்பவை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இரண்டுமே கிடையாது. சூளகிரி, பர்கூர், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல்தான். ஆனாலும் இதே மண்ணில் ஏர் ஓட்டுகிறவர்களின் கையில் வழவழப்பான கற்கோடரிகள் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்து வந்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் எந்தக் கல்லை எடுத்தார்கள்? எப்படி அடையாளம் கண்டார்கள்? இரும்பு உளி இல்லாமல் அந்த வடிவத்துக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள்?

இந்தக் கேள்விகளுக்குத் தொல்லியல் பாதிப் பதில் வைத்திருக்கிறது. நிலவியல் கொஞ்சம் சொல்கிறது. மீதிப் பதில், இன்றும் இந்த வட்டாரத்தில் உளி பிடித்துப் பிழைக்கும் கல்வேலைக்காரர்களிடம் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: கல்லை அடிக்கும் திறமைக்குச் சமமாக, சில இடங்களில் அதற்கும் மேலாக, கல்லைத் தெரிந்தெடுக்கும் அறிவுதான் இந்தத் தொழிலைத் தாங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை 1863 மே 30 அன்று தொடங்குகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இடத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பின்னாளில் நடத்திய அகழாய்வு, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் நிறுவியது. அத்திரம்பாக்கத்து மக்களுக்குக் கிடைத்த கல் குவார்ட்சைட். பக்கத்து மலைகளின் கூழாங்கற் படுகைகளில் அது ஏராளம். மணல் இறுகிப் பாறையாகி, மணிகள் ஒன்றோடொன்று உருகிப் பிணைந்தது போலாகிவிட்ட கல் அது. விளிம்பில் சரியான கோணத்தில் அடித்தால் விசை மணிகளைச் சுற்றிப் போகாமல் மணிகளை ஊடுருவிச் செல்லும். சிப்பி வடிவில் ஒரு செதில் கழன்று விழும். அதன் ஓரம் கத்தியாக இருக்கும். அங்கே பெரிய செதில்களை வேறிடத்தில் உடைத்து எடுத்துவந்து, தங்குமிடத்தில் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நல்ல கல் எங்கே கிடைக்கும் என்ற வரைபடம் அவர்கள் தலைக்குள் இருந்திருக்கிறது.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் ஹுன்ஸ்கி பள்ளத்தாக்கில், கே. பத்தையா ஆராய்ந்த இசாம்பூரில் அக்காலத்து மக்கள் கல் இருந்த இடத்துக்கே போய் உட்கார்ந்து வேலை செய்தார்கள். சுண்ணாம்புப் பாறை அங்கே இயற்கையாகவே பலகை பலகையாக வெடித்துக் கிடந்தது. அதை உடைக்க அதே கல்லைப் பயன்படுத்தவில்லை. இன்னும் கெட்டியான வேறு கற்களைச் சுத்தியலாகக் கொண்டுவந்தார்கள். பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவிக்கு ஒரு கல், கருவி செய்யும் கருவிக்கு இன்னொரு கல் என்ற பிரிவினை வந்துவிட்டது.

கிருஷ்ணகிரிக்கு வருவோம். இங்கே அடித்தளம் நைஸ் வகைப் பாறை. கிரானைட் வியாபாரத்தில் இதையும் கிரானைட் என்றே சொல்வார்கள். பர்கூர்ப் பக்கத்து ஊதாவும் வெள்ளையும் சுழித்தோடும் ‘பாரடைசோ’ பலகைகள் வெளிநாட்டுச் சமையலறைகள் வரை போனவை. பார்க்க அழகு, கருவிக்கு உதவாது. பெரிய பெரிய மணிகள், நடுவில் அபிரகம், ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு கெட்டி. அடித்தால் விசை சிதறிவிடும். செதில் கிடைக்காது, பொடிதான் கிடைக்கும். இந்த ஒரு காரணத்தால்தான் இந்த நிலத்துக் கற்கருவி வரலாறு அத்திரம்பாக்கத்தைப் போல் இல்லாமல் வேறு வழியில் போயிற்று.

அந்த நைஸ் பாறைக்குள் இரண்டு விதிவிலக்குகள் ஓடுகின்றன. ஒன்று வெள்ளை, இன்னொன்று கறுப்பு.

வெள்ளை என்பது குவார்ட்ஸ். ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்பார்கள். பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடி, பாறை கரைந்த பிறகும் கரையாமல் மேட்டு நிலத்தில் சிதறிக் கிடக்கும். நுண்கற்கருவி செய்தவர்களுக்கு இதுதான் கைமுதல். ஆனால் குவார்ட்ஸ் முரட்டுக் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் நிறைய. சிக்கிமுக்கியைப் போல் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் உலகின் பல பகுதிகளில் குவார்ட்ஸ் நிலத்து மக்கள் ஒரே உத்திக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கல்லைக் கையில் பிடித்து ஓரத்தில் தட்டுவதற்குப் பதில், அதை ஒரு அடைகல்லின் மேல் நிறுத்தி, தலையில் செங்குத்தாக ஒரே அடி. மேலிருந்தும் கீழிருந்தும் விசை பாய்ந்து கல் நெடுக்காகப் பிளக்கும். தெறிக்கிற துண்டுகளில் நல்ல விளிம்புள்ளதைப் பொறுக்கி, மரப்பிடியில் பிசின் வைத்துப் பொருத்துவார்கள். பால்வெள்ளைக் கல்லைவிடக் கண்ணாடி போன்ற படிகக் குவார்ட்ஸ் நன்றாக உடையும். அந்தக் காலத்துப் பட்டறைக் கழிவுகளைப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். எந்தக் குவார்ட்ஸைக் கையில் எடுத்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதே அவர்களுடைய அறிவின் பதிவு.

கறுப்பு என்பது டோலரைட். பெங்களூரிலிருந்து தர்மபுரி வரை பரவிய இந்தப் பகுதியில் சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து, உருகிய பாறைக்குழம்பு வெடிப்புகளில் ஏறி உறைந்தது. அந்தச் சுவர்கள்தான் இன்று கிழக்கு மேற்காகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கறுப்புக் கரடுகள். நைஸ் பாறை தேய்ந்து சமவெளியான இடத்திலும் இவை உருண்டைப் பாறைகள் அடுக்கி வைத்ததுபோல் தலைநீட்டி நிற்கும். கல்லறைப் பலகைக்கும் கட்டடத்துக்கும் ‘பிளாக் கிரானைட்’ என்று வெட்டி எடுக்கப்படுவது இதுவே.

இந்தக் கரட்டின் எல்லா இடமும் ஒன்றல்ல. பாறைக்குழம்பு குளிர்ந்த சுற்றுப்பாறையைத் தொட்ட ஓரங்களில் சட்டென்று ஆறியது. அதனால் அங்கே மணிகள் மிக நுண்ணியவை. நடுப்பகுதி மெல்ல ஆறியது, மணிகள் பெரியவை. கிரானைட் தொழிலுக்கு விரிசல் இல்லாத பெரிய பாளம் வேண்டும். கோடரி செய்தவருக்கு ஒன்றிரண்டு உள்ளங்கை அகலக் கல் போதும், ஆனால் மணி நுண்ணியதாக இருந்தே ஆக வேண்டும். இன்றைக்கு இந்தக் கல்லில் கோடரி செய்து பார்க்க விரும்புகிறவருக்கும் இதே வழிதான்: கரட்டின் விளிம்பில் தேடுவது, பழுப்பேறிய மேல்தோலை உடைத்து உள்ளே பார்ப்பது, உடைந்த முகம் கரகரப்பாக இல்லாமல் மந்தமாக, சீராக இருக்கிறதா என்று விரலால் தடவுவது. வெயிலும் மழையும் தின்ற கல்லில் தோல் தடித்திருக்கும்; அதை வைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

அடுத்தது ஓசை. கல்லைத் தட்டிக் கேட்காத கல்வேலைக்காரர் இல்லை. கணீர் என்றால் உள்ளே கல் ஒரே கட்டு. மொத்தென்று கேட்டால் எங்கோ வெடிப்பு. கோயில் சிற்பிகள் ஆண் கல், பெண் கல் என்று பிரித்துத் தேர்வதும் ஓசையை வைத்துத்தான். பல்லாரிக்கு அருகே குப்கல் மலையில் சில டோலரைட் பாறைகள் தட்டினால் மணிபோல் ஒலிக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தட்டிய குழிகள் இருப்பதை நிக்கோல் பொய்வினும் உடன் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

குப்கல்லைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தென்னிந்தியக் கற்கோடரித் தொழிலின் முழுப் படமும் அங்கேதான் கிடைக்கிறது. 1872இல் மாவட்டப் பொறியாளர் ஃபிரேசர் அந்த இடத்தைக் கண்டார். ஃபூட் போய்ப் பார்த்துவிட்டு, இந்தியாவில் அதுவரை தெரிந்த புதிய கற்காலப் பட்டறைகளில் ஆகப் பெரியது என்று மதிப்பிட்டார். சங்கனகல்லு, குப்கல் என்று அடுத்தடுத்த மலைகள். ஒரு டோலரைட் சுவர் மலையை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அதன் அடிவாரத்தில் செதில்கள் குவியல் குவியலாக, பாதியில் உடைந்த கோடரிகளோடு கிடக்கின்றன. ரவி கோரிசெட்டர், பொய்வின், ஆடம் பிரம் ஆகியோரின் குழு அங்கே செய்த வேலை, பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் இந்த உற்பத்தி உச்சத்துக்குப் போனதைக் காட்டியது. ஒரு ஊரின் தேவையைத் தாண்டி மற்ற ஊர்களுக்கும் போகும் அளவுக்குச் செய்திருக்கிறார்கள்.

அங்கே தெரியும் செய்முறை நான்கு கட்டம். முதலில் சுத்தியல் கல்லால் செதுக்கி முக்கோண வடிவத்துக்குக் கொண்டுவருவது. இதற்கு ஆற்றுக் கூழாங்கல் நல்லது. வெள்ளத்தில் உருண்டு உடையாமல் தப்பிய கல் ஏற்கெனவே சோதனையில் தேறிய கல். தென்பெண்ணையின் படுகையில் இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அதற்குக் குறைவில்லை. அடியின் கோணம் செங்கோணத்துக்குள் இருக்க வேண்டும். விளிம்பு மழுங்கினால் செதில் பாதியில் முறிந்து படிக்கட்டு போல் ஒரு தடிப்பை விட்டுப் போகும். டோலரைட்டில் அந்தத் தடிப்பைச் செதுக்கியே எடுத்துவிட முடியாது. அங்கேதான் இரண்டாம் கட்டம் கைகொடுக்கிறது. கொத்துதல். கூர்முனையுள்ள ஒரு கெட்டிக் கல்லால் மெல்ல மெல்ல, ஆயிரக்கணக்கான சிறு அடிகள். ஒவ்வொரு அடியும் ஒரு சிட்டிகைப் பொடியை எடுக்கும். மேடு கரைந்து வளைவு வரும். செதுக்கும்போது ஒரே தவறான அடியில் கோடரி இரண்டாகும். கொத்தும்போது அந்த ஆபத்து குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். மூன்றாவது தேய்த்தல்: மணலும் தண்ணீரும் விட்டுப் பாறையில் முன்னும் பின்னும். நான்காவது மெருகு.

தேய்ப்பதற்கு மணல் ஏன்? மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். டோலரைட்டிலுள்ள கனிமங்களைவிடக் குவார்ட்ஸ் ஒரு படி கெட்டி. அந்த ஒரு படிதான் கோடரியைக் கூராக்குகிறது. ஓசூர் சிப்காட்டில் வெண்ட் இந்தியா போன்ற நிறுவனங்கள் வைரத்தூள் பதித்த சாணைச் சக்கரங்களைச் செய்வதும் இதே விதியின்படிதான்: தேய்க்கும் மணி, தேயும் பொருளைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும்.

நல்ல கற்கோடரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த நான்கு கட்டமும் அதன் உடம்பிலேயே இருக்கும். வெட்டுவாய் கண்ணாடிபோல் மின்னும். நடுவில் தேய்த்த கோடுகள். பின்பக்கம் குறுகிப் போகும் இடத்தில் கொத்திய புள்ளிகள் அப்படியே சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும். அந்தச் சொரசொரப்பு சோம்பலால் விட்டதல்ல. மரப்பிடிக்குள் பிடிப்பு வேண்டும், வழவழப்பாக்கினால் நழுவும். சில கோடரிகளில் ஓரமாக ஒரு பழைய செதில் வடு மிச்சம் இருக்கும். முதல் நாள் வேலையின் தடயம் அது.

கொத்துதல் என்ற அந்த இரண்டாம் கட்டம் நம்மிடையே சமீபகாலம் வரை உயிரோடு இருந்தது, இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. அம்மி கொத்துகிறவர்கள் செய்வது அதுதான். அரைத்து அரைத்து வழுவழுப்பான அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உளி முனையால் வரிசை வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். உளி இரும்பு என்பதைத் தவிர கையசைவும் நோக்கமும் ஒன்றுதான். மிக ஆழமாகக் கொத்தினால் மசாலாவில் கல் விழும். மேலோட்டமாகக் கொத்தினால் சீக்கிரம் மழுங்கும். திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் எஸ்.ஆர். ராவ் 1960களில் நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் கற்கோடரிகளும் கொள்ளு, பாசிப்பயறு முதலிய தானியங்களும் கிடைத்தன. தானியம் அரைத்த கல்லையும் அவர்கள் அவ்வப்போது கொத்தியிருக்கத்தான் வேண்டும். மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் இந்த வேலை அருகிவிட்டது.

இன்னொரு பழைய முறை தீ. ஓசூர், கிருஷ்ணகிரி வயல்களில் வேலிக்கு நட்டிருக்கும் கல்தூண்களையும் பழைய வீடுகளின் கூரைப் பலகைகளையும் பார்த்தவர்கள், இவ்வளவு மெல்லிய பலகையைக் கருங்கல்லில் எப்படி எடுத்தார்கள் என்று வியந்திருப்பார்கள். பரந்த மொட்டைப் பாறையின் மேல் விறகை ஒரு வரிசையாக எரித்து, நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். சூடான மேற்பரப்பு விரிந்து, கீழே குளிர்ந்திருக்கும் பாறையிலிருந்து கல்லில் தோசை பெயர்வது போலப் பெயரும். பெயர்ந்துவிட்டதா என்பதைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். பெங்களூரில் இதை நேரில் பார்த்த எச். வார்த் 1895இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சுமார் 740 சதுர அடிப் பரப்பு, சராசரி 5 அங்குலக் கனம். அதற்குச் செலவான விறகு 15 ஹண்டிரட்வெயிட், அதாவது முக்கால் டன் அளவு. ஒரு பவுண்டு விறகுக்கு முப்பது பவுண்டு கல் என்பது அவர் கணக்கு. வெடிமருந்தும் இயந்திரமும் இல்லாமல் இதைச் சாதித்தவர்கள் ஒட்டர் சமூகத்துக் கல்வேலைக்காரர்கள். சாமல்பள்ளம் அருகே மல்லசந்திரத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும் கல்திட்டைகளின் பலகைகளையும் இப்படித்தான் பெயர்த்திருக்க வேண்டும் என்று கருத நிறைய இடம் இருக்கிறது. பலகையின் முகத்தில் உளிக்குறி தேடினால் கிடைக்காத இடங்களில் இந்தச் சாத்தியத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தீ எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. குஜராத்தின் கம்பாத்தில் மணி செய்கிறவர்கள் அகேட் கல்லை மெதுவாகச் சுட்டுத்தான் பக்குவப்படுத்துகிறார்கள். சூடு அதன் நிறத்தைச் சிவப்பாக்குகிறது, உடைவையும் எளிதாக்குகிறது. நம்மூர் டோலரைட்டைக் கோடரிக்காகச் சுட்டால் விரிசல்தான் மிஞ்சும். எந்த முறையும் அதற்குரிய கல்லோடு கட்டுண்டது.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலம்? இந்தோனேசியப் பாப்புவாவின் லாங்டா ஊரில் கற்கோடாலி செய்தவர்களை டீட்ரிக் ஸ்டவுட் ஆராய்ந்து 2002இல் எழுதினார். ஆற்றில் கிடக்கும் பெரும்பாறைகளில் ஏற்றதைத் தேர்வதும் அங்கே கூட்டு வேலை. முதிர்ந்தவர்கள் சொல்ல இளையவர்கள் கேட்பார்கள். பயிற்சி ஐந்தாண்டோ அதற்கு மேலோ பிடிக்கும். காணொளி பார்த்துப் கண்ணாடிப் பாட்டிலின் அடியை உடைத்துப் பழகுகிறவர்கள் ஒரு வாரத்தில் அம்புமுனை செய்துவிடலாம்; கண்ணாடி அவ்வளவு இணக்கமான பொருள். அதை வைத்து டோலரைட் கோடரியை எடைபோடக் கூடாது. ஒரு புதிய கற்காலக் கோடரிக்குள் கல் தேடிய நாட்களும் இருக்கின்றன.

பிறகு இரும்பு வந்தது. பர்கூர் வட்டத்தின் மயிலாடும்பாறையில் கா. ராஜன் 2003இலும் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இலும் அகழாய்வு செய்தார்கள். அங்கு இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது என்ற முடிவை 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான சிவகளை அகழாய்வின் காலக்கணிப்பு அதையும் தாண்டி முன்னே போனது. செய்திகளில் இரும்பு மட்டும் நின்றது. ஆனால் அதே மயிலாடும்பாறையிலும் அதைச் சுற்றியுள்ள தொகரப்பள்ளி, கங்காவரம், கப்பலவாடி ஆகிய ஊர்களிலும் கற்கருவிகளின் தடயம் உண்டு. 2024இல் அகழாய்வு தொடங்கிய சென்னானூரிலும் மெருகிட்ட கற்கோடரி கிடைத்தது. இரும்பு கிடைத்த மறுநாளே யாரும் கற்கோடரியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பல்லாரியில் கற்கோடரிப் பட்டறை உச்சத்தில் இயங்கிய காலமும் மயிலாடும்பாறை இரும்பின் காலத்துக்குப் பிந்தையதே. இரண்டும் எவ்வளவு காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, யார் கையில் எது இருந்தது என்பதுதான் இந்த எல்லைப் பகுதி எழுப்பும் மிகச் சுவையான கேள்வி.

அதற்குப் பதில் தேட ஒரு வழி, கோடரியை அதன் தாய்ப்பாறையோடு பொருத்திப் பார்ப்பது. இங்கிலாந்தின் கிரேட் லாங்டேல் மலையில் எடுத்த கல்லில் செய்த கோடரிகள் நாட்டின் மறுகோடி வரை போனதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கோடரியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மணியமைப்பு ஊரைக் காட்டிக்கொடுக்கும். கிருஷ்ணகிரிக் கோடரிகளுக்கும் இங்குள்ள ஒவ்வொரு கறுப்புக் கரட்டுக்கும் இந்த வேலை முழு அளவில் நடக்க வேண்டும். அவசரத்துக்குக் காரணம் உண்டு. கரடுகள் குவாரிகளாகக் கரைந்துகொண்டிருக்கின்றன. ஒரு கரட்டை வெட்டி எடுத்துவிட்டால் அதன் விளிம்பில் யாராவது உட்கார்ந்து கோடரி செதுக்கினார்களா என்ற கேள்வியும் லாரியில் ஏறிவிடும். குப்கல்லுக்கே குவாரி ஆபத்து வந்தது. ஆய்வாளர்கள் உரக்கக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

கோடரிகள் பாதுகாப்பாகத் தப்பிய இடம் கோயில்கள். சேர்வராயன் மலையில் மக்கள் சிறு கோயில்களில் கற்கோடரிகளை வைத்து வணங்கியதை ஃபூட் குறித்திருக்கிறார். ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் பிள்ளையாராக அவை பூசை பெறுவதுண்டு. எந்த வயலில் கிடைத்தது என்ற விவரம் போய்விட்டது என்று வருந்தலாம். ஆனால் அந்த வணக்கம் இல்லாவிட்டால் கல்லே போயிருக்கும். பூசாரியிடம் கேட்டு, படமெடுத்து, அளந்து, அங்கேயே விட்டுவருவது நல்ல ஆய்வு.

இனி இந்தக் கலையைக் கையால் செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சில விஷயங்கள். கல்தூளை எளிதாக எண்ணக் கூடாது. கம்பாத்து அகேட் தொழிலாளர்களின் நுரையீரலை அரித்த சிலிகோசிஸ் மருந்தால் மாறாத நோய். குவார்ட்ஸ் உடைக்கும்போது திறந்தவெளியும் தரமான முகமூடியும் வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். தெறிக்கும் செதிலுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். கல்லுக்காகப் பழைய ஊரிருக்கைகளில் கைவைக்கக் கூடாது. கிரானைட் வெட்டும் இடங்களில் கழித்துப் போட்ட கறுப்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கினாலே பயிற்சிக்குப் போதும். வயலில் பழைய கருவி எதையாவது பார்த்தால், எடுப்பதற்கு முன் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு வட்டாட்சியருக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். செய்து முடித்த புதுக் கோடரியில் அழியாத மையால் ஆண்டு எழுதி, உடைத்த செதில்களைச் சாக்கில் அள்ளி, அடியில் இந்த ஆண்டு நாணயம் ஒன்றைப் போட்டுப் புதைக்க வேண்டும். நூறாண்டு கழித்து அந்த இடத்தைத் தோண்டுகிறவர் அதைப் புதிய கற்காலப் பட்டறை என்று எழுதிவிடாமல் இருக்க அந்த நாணயம் உதவும்.